தெளிவான ஒரு பாட்டில்

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே ஐயம். ஜெயசீலன் ஒரு விதமாகச் சொன்னார். அவர் பக்கத்து வீட்டு ஷபானா வேறு விதமாகச் சொன்னாள். 1997, நல்ல மழை என்பதில் மட்டும் இருவருக்கும் சண்டையில்லை.

வடக்கே பிம்ப்ரி என்கிற ஊரில் ஒரு சிறிய பிரசவ மருத்துவமனை. காலை பத்து மணி. ஜான்சிக்குப் பனிக்குடம் உடைந்து, நீர் பெரும்பாலும் ஆட்டோவிலேயே போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற பெண் என்று ஷபானா அவளுக்குத் தலை நிறைய எண்ணெய் வைத்துப் பின்னியிருந்தாள். வழி நெடுக ஜான்சி கணவர் ஜெயசீலன் முகத்தில் தலையை முட்டி முட்டி அழுதாள்.

டாக்டரம்மா வெளியே வந்தார். உள்ளே தண்ணீர் குறைந்துவிட்டதால் ஒவ்வொரு வலிக்கும் தொப்புள்கொடி நசுங்குகிறது, குழந்தையின் துடிப்பு இறங்குகிறது என்றார். மெல்லிய குழாய் வழியாகக் கருப்பைக்குள் சலைன் விட்டால் கொடிக்கு இடம் கிடைக்கும். அரை மணி பார்க்கலாம், இல்லையென்றால் ஆபரேஷன். கையிருப்பு தீர்ந்துவிட்டது, எதிர்க்கடையில் ஒரு பாட்டில் வாங்கி வாருங்கள்.

ஜெயசீலன் ஓடினார்.

அவருக்கு மருந்து ஆலையில் வேலை. பன்னிரண்டு வருடமாக ஊசிமருந்துக் குப்பிகளை விளக்கின் முன் பிடித்துப் பார்த்துக் கெட்டதைக் கழிப்பவர். ஒன்றில் கலங்கல் தெரிந்தால் பெட்டியையே நிறுத்திவிடுவார்.

கடைக்காரர் நீட்டிய பாட்டிலைக் கை தானாகவே டியூப்லைட்டுக்கு நேரே தூக்கியது. உள்ளே புகைபோல ஒரு மங்கல்.

"தூஸ்ரா தோ," வேறு கொடு என்றார்.

அதுவும் மங்கல். மூன்றாவதும்.

"பெட்டியே கெட்டுப்போச்சு!" என்று இந்தியில் கத்தினார். பக்கத்தில் குளுக்கோஸ் வாங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் பயந்துபோய்த் தங்கள் பாட்டில்களைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

"அரே பாய்சாப், சீல் பேக் ஹை!" சீல் உடையாத புதுப் பாட்டில் என்று கடைக்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

ஷபானா மழையில் ஓடிவந்தாள். "அண்ணே! இன்னும் என்ன பண்றீங்க? துடிப்பு தொண்ணூறுக்கு வந்துடுச்சாம்!"

"கலங்கின தண்ணிய எம்புள்ள மேல விடச் சொல்றியா?"

"எங்க கலங்கியிருக்கு?"

"உனக்குத் தெரியாதும்மா. இதுக்குத்தான் எனக்குச் சம்பளம்!"

அடுத்த கடைக்கு ஓடினார். நனைந்த முகத்தையும் கண்ணாடியையும் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டு பார்த்தார். அங்கே இன்னும் மோசம். ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் அதைவிட மோசம். ஊரில் இருக்கிற சலைன் எல்லாம் கெட்டுவிட்டது என்றே முடிவு கட்டினார். வெறுங்கையோடு திரும்பி ஓடினார்.

பிரசவ அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே கம்பியில் ஒரு பாட்டில் தொங்கியது. பாதி இறங்கியிருந்தது. அதே மங்கல்.

"யார் வாங்கினது இத?"

"நான்தான்," என்றாள் ஷபானா. "நீங்க கழிச்சுப் போட்டதுலேர்ந்து ஒண்ணு."

"நிறுத்துங்க! பந்த் கரோ!" அவர் உள்ளே பாய்ந்து குழாயைப் பிடித்தார். நர்ஸ் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். ஜான்சி வலியில் கண்ணை மூடியிருந்தாள்.

 குழந்தையின் துடிப்பைக் காட்டும் இயந்திரம் டொக்... டொக்... என்று தயங்கித் தயங்கி அடித்தது. அந்த இடைவெளிகளில் ஜெயசீலன் தான் செய்த பாவங்களையெல்லாம் எண்ணிப் பார்த்ததாகச் சொன்னார். பிறகு டொக் டொக், டொக்டொக்டொக். டாக்டரம்மா நிமிராமலே, நூற்று முப்பது என்றார்.

"டாக்டர், துடிப்பு ஏறட்டும், தண்ணி கலங்கலா இருக்கே! பாருங்க!"

ஷபானா அருகே வந்தாள். அவர் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றி, தட்டிலிருந்த ஸ்பிரிட் பஞ்சால் அழுத்தித் துடைத்து மாட்டிவிட்டாள்.

பாட்டில் பளிச்சென்று இருந்தது. எதிர்க்கடை போர்டின் சின்ன எழுத்துகூட ஜன்னல் வழியே தெரிந்தது.

"பாட்டிலெல்லாம் நல்லாத்தாண்ணே இருந்துச்சு. கண்ணாடியில ஒட்டியிருந்தது நான் ஜான்சி தலைக்கு வச்ச எண்ணெய்."

பதினொன்றரைக்கு விஜய் பிறந்தான், கத்தி படவில்லை. ஷபானா பிறகு சாங்விக்குக் குடிபோனாள். எதிர்க்கடைக்காரர் ஜெயசீலனுக்குத் தலைவலி மாத்திரைகூடத் தர மறுத்துவிட்டார். ஜெயசீலன் ஓய்வுபெறும்வரை அதே மேசையில்தான் குப்பிகளைப் பார்த்தார். தினமும் அவர் கிளம்பும் முன் ஜான்சி அவர் கண்ணாடியைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கொடுத்தாள்.