கோல்டு டிக்கெட்டும் ஒரு பாக்கெட் உப்பேரியும்

ஒரு பாட்டைக் கெடுக்க வேண்டுமானால் முதலில் பாடத் தெரிந்திருக்க வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. வாயைத் திறந்து ஒரு வரிகூடப் பாடாமல், மேடைக்கு வெகு தூரம் தள்ளி நின்றுகொண்டே, ஒரு முழுப் பாட்டையும் கெடுத்தவன் நான். சாட்சி உண்டு. என் மனைவியின் போனில் நான்கு நிமிடம் சொச்சத்துக்குப் பத்திரமாக இருக்கிறது.

எனக்கு உதியன்குளங்கரை சந்திப்பில் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை. பகலெல்லாம் பைப்பும் பெயிண்டும் எடுத்துக் கொடுப்பேன். ஆனால் ஊரில் என் மதிப்பு அதனால் வந்ததல்ல. எங்கள் சர்ச் திருவிழாவுக்குப் பல வருடமாக நான்தான் புரோகிராம் கன்வீனர். (சம்பளம் இல்லாத பதவி. அதனால்தான் இத்தனை வருடமும் போட்டிக்கு ஆள் வரவில்லை.) எங்கள் பக்கம் கோயிலானாலும் சர்ச்சானாலும் திருவிழா என்றால் கானமேளா உண்டு. சினிமாப் பாட்டுக் குழு வந்து மேடையில் பாடும். டிக்கெட் என்ற பேச்சே கிடையாது. பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்துவிட்டால் அந்த இடம் உங்களுடையது.

அந்தக் கானமேளாவில் ஒரு ரகசியம் உண்டு. அதை இப்போது சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் நான் விழுந்த குழி அதுதான். நோட்டீஸில் ஏழு மணி என்று போட்டிருந்தால், ஏழு மணிக்கு எலக்ட்ரீஷியன் மேடையில் டியூப் லைட் கட்டிக்கொண்டிருப்பார். பிறகு மைக் டெஸ்டிங். பிறகு வரவேற்புரை, வார்டு மெம்பரின் உரை, எலுமிச்சை ஸ்பூன் ஓட்டத்தில் ஜெயித்த பிள்ளைகளுக்கு எவர்சில்வர் டம்ளர். பிறகு குழுவில் உள்ள சின்னப் பாடகர்கள் ஆளுக்கு இரண்டு பாட்டு. பெரிய பாட்டுக்காரர் மேடையேறக் குறைந்தது இரண்டரை மணி நேரம் ஆகும். கூட்டம் சேர்வதற்காக அந்தப் பொய் நேரத்தை அச்சடிப்பவனே நான்தான். அடித்து அடித்து, அது உலகம் முழுக்க உள்ள சட்டம் என்று நானே நம்பத் தொடங்கியிருந்தேன்.

என் மனைவி ரோஸ்லெட் தையல்காரி. பாறசாலையில் அவளைப் பெண் பார்க்கப் போனபோது, பெரிய மனுஷன் மாதிரி, உனக்கு வாழ்க்கையில் என்ன ஆசை என்று கேட்டேன். வீடு, நகை என்று ஏதாவது சொல்வாள், நான் தலையாட்டிவிட்டு மறந்துவிடலாம் என்று திட்டம். அவளோ ஒரு பாட்டுக்காரரின் பெயரைச் சொன்னாள். தையல் வகுப்பில் டீச்சரின் ரேடியோவில் அவர் பாடிய ஒரு படகுப் பாட்டு வருமாம். அது வந்தால் எல்லோரும் பெடலை நிறுத்திவிடுவார்களாம். "அவர ஒரு தடவ நேர்ல பாடிக் கேக்கணும், அம்புடுதான்" என்றாள்.

"இதுதானா? நம்ம திருவிழாவுக்கே கூட்டிட்டு வாறேன்" என்றேன். (அப்போது கமிட்டியில் என் அதிகாரம் தோரணம் கட்டுவதோடு முடிந்தது.)

கல்யாணமாகி இரண்டாம் வருடம், கர்த்தரே கொண்டுவந்தது போல, அதியன்னூர் பக்கம் ஒரு கோயில் திருவிழாவுக்கு அதே பாட்டுக்காரர் வந்தார். இலவசம். ஆனால் எங்கள் மகள் ஷைனி பிறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. நான் மட்டும் போனேன். திரும்பி வந்ததும் ரோஸ்லெட் கேட்டது ஒரே கேள்வி, படகுப் பாட்டு பாடினாரா என்று. பாடினார், பிரமாதம் என்றேன். அந்த நேரத்தில் நான் சாயா குடிக்கப் போயிருந்ததைச் சொல்லவில்லை. அவர் இன்னும் எத்தனையோ தடவை இந்தப் பக்கம் வருவார், அவசரமே வேண்டாம் என்று தேற்றினேன்.

அவர் வரவில்லை. அவருடைய ரேட்தான் வளர்ந்தது. ஒருமுறை அவருடைய மேனேஜரிடம் போனில் விசாரித்தோம். எங்கள் பொருளாளர் மிக மரியாதையாகப் போனை வைத்துவிட்டு, அந்தத் தொகைக்குச் சர்ச் கூரையையே மாற்றிவிடலாம் என்றார். கொஞ்ச வருடத்தில் அவர் திருவிழாக்களுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். பெரிய நகரங்களில் டிக்கெட் போட்ட நிகழ்ச்சிகள் மட்டும். சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று நகைக்கடை மாதிரி வகைகள். எல்லாவற்றையும்விட விலை கூடியது மேடைக்கு முன்னால் நின்றுகொண்டே பார்ப்பதற்கு. (எங்கள் கானமேளாவில் பேப்பர் கிடைக்காதவன்தான் நிற்பான்.)

போன வருடம் செய்தி வந்தது. இதுதான் அவருடைய கடைசிச் சுற்றுப்பயணம், இனி மேடையில் பாடமாட்டார், திருவனந்தபுரத்திலும் ஒரு நாள் உண்டு என்று. ரோஸ்லெட் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் விடிய விடிய யூனிஃபார்ம் தைத்துச் சேர்த்த பைசாவை எடுத்து, ஷைனியிடம் கொடுத்து, போனில் இரண்டு கோல்டு டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டாள். டிக்கெட் விலைக்கு மேல் சௌகரியக் கட்டணம் என்று தனியாக ஒரு தொகை பிடித்திருந்தார்கள். யாருடைய சௌகரியம் என்று கேட்டேன்.

"ரெண்டு எதுக்கு?" என்றேன்.

"ஒத்தைக்குப் போனா நல்லா இருக்காது. நீங்களும் வாருங்க."

அந்த இடத்தில் ஒரு நல்ல புருஷனுக்குக் கண் கலங்கியிருக்க வேண்டும். நான், அந்தப் பைசாவுக்கு நல்ல ஸ்பீக்கர் செட் வாங்கி வீட்டிலேயே கேட்கலாமே என்றேன். அவள் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, "ஸ்பீக்கர் நம்மளப் பாத்துப் பாடாது" என்றாள்.

நிகழ்ச்சி மாலை ஆறரைக்கு. நாலரைக்கே ரோஸ்லெட் பட்டுச்சேலையும் புதுச் செருப்புமாக வாசலில் நின்றாள். நான் ஐந்தரைக்குத்தான் குளிக்கவே போனேன். ஷைனி எச்சரித்தாள். "அப்பா, இது டிக்கெட் ஷோவாக்கும். கரெக்ட் டைமுக்குத் தொடங்கும்."

"மக்கா, நீ எத்தன கானமேளா நடத்தியிருக்க? ஒம்பதுக்கு முன்ன அவரு மேடையேறினா என் பேர மாத்திக்கோ" என்றேன். (பெயரை மாற்றவில்லை. அதைவிட மோசமாக ஒன்று செய்தாள். கடைசியில் சொல்கிறேன்.)

ஸ்கூட்டரில் கிளம்பினோம். உள்ளே ஒரு சாயாவுக்கே கோல்டு விலை வாங்குவார்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால், வழியிலேயே சாப்பிட்டுவிடுவது என்று முடிவெடுத்தேன். பாலராமபுரத்தில் ஒரு கடையில் பொரோட்டாவும் பீஃபும். ரோஸ்லெட் அரைப் பொரோட்டாவைப் பிய்த்து வைத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தையே பார்த்தாள். மணி ஆறரை தாண்டிவிட்டது என்றாள். "இப்பதான் அங்க டியூப் லைட்டு கெட்டிட்டு இருப்பான்" என்று இன்னும் இரண்டு பொரோட்டா சொன்னேன். பிறகு ஒரு சாயா. அப்புறம், உள்ளே பசித்தால் என்ன செய்வது என்று நேந்திரங்காய் வறுவல், எங்கள் பக்கம் சொல்லும் உப்பேரி, ஒரு பாக்கெட் வாங்கி அவள் பையில் திணித்தேன்.

மைதானத்தில் பார்க்கிங்குக்கும் கட்டணம் என்றார்கள். வண்டியைச் சும்மா நிறுத்தி வைக்க யாராவது காசு கொடுப்பார்களா? தெரிந்த ஒருவரின் டயர் கடை இருந்தது, ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி. அங்கே நிறுத்திவிட்டு நடந்தோம். பாதி வழியில் புதுச் செருப்பு கடித்து, ரோஸ்லெட் அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு வேகமாக நடந்தாள். நான் அதை உற்சாகம் என்று எடுத்துக்கொண்டேன்.

மைதானம் நெருங்கும்போது பெரிய ஆரவாரம் கேட்டது. மைக் டெஸ்டிங்குக்கே இவ்வளவு கைத்தட்டலா என்று வியந்தேன். பிறகு ஒரு பாட்டு காற்றில் வந்தது. ரோஸ்லெட் நின்றுவிட்டாள்.

"இது அவருக்க சத்தம்."

"இல்ல. குழுவில உள்ள பையனாயிருக்கும். அவர மாதிரியே பாடுவானுங்க."

இப்படியும் ஒரு மனுஷன் நடமாடினான் என்பதை நினைத்தால் எனக்கே அவனை அறையத் தோன்றுகிறது.

வாசலில் மணி எட்டு. செக்யூரிட்டிப் பையன் பையைத் திறந்து உப்பேரிப் பாக்கெட்டை வெளியே எடுத்தான். சாப்பாட்டுப் பொருள் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்றான், மலையாளத்தில், மிகத் தன்மையாக. அதை அங்கேயே போட்டிருந்தால் கதை முடிந்தது. ஆனால் எனக்குள் இருந்த கன்வீனர் விழித்துக்கொண்டார். இத்தனை விலை கொடுத்தவனிடம் உப்பேரியைப் பிடுங்குவதா? நானும் மலையாளத்தில் தொடங்கினேன்.

"எடோ, இது ஃபுட் அல்ல. உப்பேரியாணு."

அப்போதுதான் உள்ளே புல்லாங்குழல் எழுந்தது. எனக்கு அது காதில் விழவில்லை. ரோஸ்லெட்டுக்கு விழுந்தது. அது படகுப் பாட்டின் தொடக்கம். அவள் வரிசையிலிருந்து விலகி, மைதானத்தைச் சுற்றி அடைத்திருந்த தகரத்தின் பக்கம் போனாள். அங்கே நான்கைந்து ஆட்டோக்காரர்களும் ஒரு கடலை வியாபாரியும் இலவசமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு போய் நின்று, போனைத் தகரத்துக்கு மேல் உயர்த்திப் பிடித்தாள். ஷைனி பிரிண்ட் எடுத்துக் கொடுத்த கோல்டு டிக்கெட் அவள் இடுப்பில் செருகியிருந்தது.

நான் இங்கே, இது ஃபுட் அல்ல, உப்பேரியாணு என்று மறுபடியும் உரக்கச் சொல்லிவிட்டு, சூப்பர்வைசரை வரச் சொல்லிக்கொண்டிருந்தேன். டிக்கெட்டில் உப்பேரி கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது, காட்டு என்றேன். கோபம் ஒரு அளவைத் தாண்டினால் எனக்கு மலையாளம் தீர்ந்துவிடும். தமிழில் முழங்கினேன். "எலே, நான் பைசா கொடுத்து வந்தவனாக்கும்!"

கடலை வியாபாரிக்கே பொறுக்கவில்லை. "ஒந்நு மிண்டாதிரி சேட்டா. பாட்டு கேக்கட்டே" என்றார். மிண்டாதே என்றால் வாயைத் திறக்காதே என்று அர்த்தம்.

நான் மிண்டாமல் ஆனபோது பாட்டும் முடிந்திருந்தது. ரோஸ்லெட் திரும்பி வந்தாள். என் கையிலிருந்த பாக்கெட்டை வாங்கிப் பையனின் மேசையில் வைத்தாள். "வாங்க, போவோம்" என்றாள். இரண்டு விநாடி வேலை.

உள்ளே எங்கள் நாற்காலிகள் இரண்டும் நம்பர் ஒட்டியபடி எங்களுக்காகக் காத்திருந்தன. படகுப் பாட்டுதான் கடைசிப் பாட்டாம்; நாங்கள் உட்காரவும் எல்லோரும் எழுந்து நிற்கவும் சரியாக இருந்தது. வெடி வெடித்தது, வண்ணக் காகிதம் பறந்தது. அவர் கைகூப்பினார், திரும்பினார், போய்விட்டார். நான் கண்டது வெள்ளைச் சட்டையின் முதுகு. ரோஸ்லெட் எட்டிப் பார்ப்பதற்குள் அதுவும் இல்லை.

திரும்பும்போது நெய்யாற்றின்கரை வரும்வரை, அவள் இப்போது திட்டுவாள், இப்போது திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் பதில் சொல்ல நான்கு சமாதானம் தயார் செய்திருந்தேன். பாலம் தாண்டியதும் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னாள்.

"நல்லாத்தான் பாடினாரு."

நான்கு சமாதானத்தையும் வைத்துக்கொண்டு வண்டியை ஓட்டினேன்.

மறுநாள் காலை ஷைனி அந்தப் பதிவைக் கேட்டாள். முதலில் புல்லாங்குழல். பிறகு அவருடைய குரல், தேன் மாதிரி. அதன் மேல் என் குரல், உப்பேரியாணு என்று. ஷைனி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ரோஸ்லெட் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அவளும் சிரித்துவிட்டாள் என்பது தோள் குலுங்கியதில் தெரிந்தது. அது சிரிப்புதான் என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன். ஷைனி அதை வெட்டித் தன் போனில் ரிங்டோன் ஆக்கினாள். நான் கூப்பிட்டால் அதுதான் ஒலிக்கும். அவளுடைய ஆபீஸில் எல்லோருக்கும் நான் உப்பேரி அப்பா.

இந்த வருடம் எங்கள் திருவிழா நோட்டீஸில் கானமேளா நேரத்தை உண்மையாக அச்சடித்தேன். சொன்ன நேரத்துக்கு முதல் பாட்டு தொடங்கியபோது மைதானத்தில் இருந்தது ஒரே ஒரு ஆள், முதல் வரிசையில், ரோஸ்லெட். பதவியை விட்டுவிடும்படி கமிட்டியில் மென்மையாகச் சொல்லிப் பார்த்தார்கள்.

அந்தப் பதிவு எனக்கு மனப்பாடம். புல்லாங்குழல் முடிந்து அவர் வாயெடுக்கும் இடம் எங்கே என்று கேட்டால், "அல்ல" என்ற என் சொல்லுக்கு அடுத்தது. சரணம் தொடங்குவது சூப்பர்வைசருக்குப் பிறகு.

ரோஸ்லெட் இப்போதும் மெஷினில் உட்கார்ந்து அந்தப் பாட்டை முணுமுணுப்பாள். பல்லவியை நன்றாகவே பாடுவாள். சரணத்துக்கு முன் பெடலை நிறுத்தி, குரலைக் கட்டையாக்கி, என்னைப் போலவே, "எலே, நான் பைசா கொடுத்து வந்தவனாக்கும்" என்பாள். பிறகு சரணத்தை எடுப்பாள். வந்திருக்கும் தையல் வாடிக்கையாளர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

பைசா கொடுத்தது அவள். அவளைத் தவிர அது தெரிந்தவன் அந்த அறையில் நான் ஒருவன்தான். அந்த இடம் வரும்போது நான் ஒன்றும் மிண்டுவதில்லை.