தீவுக்குப் போக வழி சொன்னவர்

வாசகரே, விதி விளக்குநர் என்றோர் இனம் உண்டு. தெருவுக்கு ஒருவராவது இருப்பார். சாதாரண காலத்தில் அவரை அடையாளம் காண்பது சிரமம். தயிர்க் கிண்ணத்தின் மூடியைத் தனியாகப் பிரித்துத்தான் மறுசுழற்சிக்கான மஞ்சள் குப்பைத் தொட்டியில் போட வேண்டும் என்று பக்கத்து வீட்டாருக்குச் சொல்லிக்கொடுப்பார், சத்தம் போடக்கூடாத ஞாயிற்றுக்கிழமையில் எவனாவது புல் வெட்டும் இயந்திரத்தை ஓட்டுகிறானா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார், மிச்ச நேரத்தில், பாவம், சும்மா இருப்பார். பிறகு பெருந்தொற்று வந்தது. மழையைக் கண்ட தவளை ஆகிவிட்டார் மனிதர்.

ஜெர்மனியில், ஹனோவருக்குப் பக்கத்தில் எங்கள் சிறிய ஊரில், எங்கள் தெருவில், அவர் பெயர் எக்கார்ட். காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. அந்த நாளில் வீட்டிலிருந்தே வேலை. மனைவி ரோஸ்விதாவுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவள் பல்பொருள் அங்காடியில் கல்லாவில் உட்கார்பவள். தொற்றுக் காலம் முழுக்க ஒரு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, "மூக்கு வெளியே தெரியுது, மூக்கு" என்று ஊர் முழுவதற்கும் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியவள். அவளுக்கு வாழ்க்கையில் அப்போது இருந்த ஆசை ஒன்றே ஒன்று.

"எனக்கு ஓட்டல் வேண்டாம், விருந்து வேண்டாம். வெதுவெதுப்பான கடல்ல முழங்கால் வரைக்கும் நிக்கணும். பேசாம நிக்கணும். அவ்வளவுதான் எக்கார்ட்."

"பாத்துக்கறேன்" என்றார் எக்கார்ட்.

தீவு ஒன்று தேர்வாயிற்று. தென்னை, வெண்மணல், நீலக் கடல், எல்லாம் உண்டு. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இன்றைய நிலவரப்படி அது எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று எக்கார்ட் வந்து என்னைத் திருத்துவார். வெள்ளிக்கிழமைதோறும் அரசாங்கம் உலகத்தைப் பிரித்து வைத்தது: அபாயப் பகுதி, பேரபாயப் பகுதி, உருமாறிய கிருமிப் பகுதி. மற்றவர்கள் வெள்ளிக்கிழமை மாலையில் பீர் புட்டியைத் திறப்பார்கள். எக்கார்ட் பட்டியலைத் திறப்பார். தீவு ஒரு வாரம் ஏறும், அடுத்த வாரம் இறங்கும். அதற்கேற்ப அவர் பயணச்சீட்டை ரத்து செய்வார், மறுபடி வாங்குவார், ரத்து செய்ததை ரத்து செய்ய முடியுமா என்று எழுதிக் கேட்பார். நீங்களோ நானோ என்றால் சலித்துப் போயிருப்போம். அவர் முகத்தில் பொலிவு கூடிக்கொண்டே போனது.

பிறகு ஒத்திகைகள் தொடங்கின. சாப்பாட்டு நாற்காலிகளை ஒன்றின் பின் ஒன்றாகக் கூடத்தில் போட்டு, அதுதான் விமானம் என்றார். ரோஸ்விதா முகக்கவசத்தோடு அதில் உட்கார வேண்டும். உணவு வரும்போது ஒருவர் கவசத்தைக் கழற்றிச் சாப்பிட, மற்றவர் மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். "இப்ப நீ. இப்ப நான். மெல்லும்போது மூடு" என்று உருளைக்கிழங்கு சாலட் ஆறிப்போன பிறகும் (அது முதலிலிருந்தே ஆறியதுதான், ஆனாலும்) பயிற்சி நடந்தது. பஞ்சுக் குச்சியால் அவள் மூக்கைக் குடைந்து, தும்மாமல் இருக்கப் பழக்கினார். பிப்ரவரிப் பனியில் எல்லா ஜன்னலையும் திறந்து வைத்து, காற்றோட்டம் என்றார். ரோஸ்விதா குளிர்ச் சட்டைக்கு மேல் நீச்சலுடையை அணிந்து கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, கழற்றிவைத்தாள்.

சும்மா சொல்லக்கூடாது, மனிதர் சாதித்துவிட்டார். சீட்டு உறுதி, பரிசோதனைக்கு நேரம் உறுதி, தீவு கேட்ட தாள்கள் அனைத்தும் வண்ண வண்ணத் தடுப்புகளோடு ஒரு தடித்த கோப்பில். புறப்பட மூன்று நாள் இருந்தது. அந்தக் காலை நல்ல பனி.

எங்கள் ஊரில் அவரவர் வீட்டு வாசல் நடைபாதைப் பனியை அவரவர் ஏழு மணிக்குள் தள்ளிவிட வேண்டும். எக்கார்ட்டும் ரோஸ்விதாவும் மண்வாரியோடு நின்றார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் டெட்லெஃப், பேருந்து ஓட்டுநர், நல்லவன், ஆனால் கேட்கக்கூடாததைக் கேட்டுவிடுகிறவன்.

"ஏம்ப்பா எக்கார்ட், இந்தத் தொடர்பு, தொடர்புங்கறாங்களே, யாரு கூட எவ்வளவு நேரம் நின்னா ஆபத்து?"

எக்கார்ட் மண்வாரியைச் சாத்திவைத்தார். கவசத்தைக் கழற்றினார், மூடிய வாயால் விளக்கம் தெளிவாக வராது. "முதலாவதா" என்று தொடங்கினார். ரோஸ்விதா வீட்டுக்குள் போய்விட்டாள்.

கால் மணி நேரத்துக்கு மேல் நெருங்கி நின்று பேசினால் தொடர்பு என்றார். நெருக்கம் என்றால் எது என்றார். பேச்சு என்றால் எது, மௌனம் எதில் சேரும் என்றார். டெட்லெஃப் பொறுமையாகத் தலையாட்டினான், நடுநடுவே இருமினான். எக்கார்ட் வேலிமேல் சாய்ந்து, கைபேசியில் அந்த விதியையே அவன் மூக்கருகே பிடித்துக் காட்டினார், விதிவிலக்குகளையும் விடவில்லை. அதற்குள் பனி மறுபடியும் நடைபாதையை மூடியிருந்தது.

மறுநாள் மாலை டெட்லெஃப் கூப்பிட்டான். குரல் கம்மியிருந்தது.

"எனக்கு வந்துடுச்சுப்பா. யார் யார்கூட பேசினேன்னு சுகாதார அலுவலகத்துல கேக்கறாங்க. நம்ம அஞ்சு நிமிஷம்தான் நின்னோம்னு சொல்லிடறேன், என்ன?"

வாசகரே, இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அதைத்தான் செய்திருப்பேன். எக்கார்ட் சுகாதார அலுவலகத்துக்குத் தாமே போன் செய்தார். எடுக்கவில்லை. மறுபடி செய்தார். தன்னை வீட்டுக்குள் பூட்டிவைக்கச் சொல்லி ஒருவர் இவ்வளவு பாடுபட்டு நான் பார்த்ததில்லை. கடைசியில் ஒரு பெண் எடுத்தாள், நாள் முழுக்கப் பேசிக் களைத்த குரல்.

"எவ்வளவு நேரம் சார் பேசினீங்க? அஞ்சு, பத்து நிமிஷம் இருக்குமா? அப்படின்னா பிரச்னையே இல்ல."

"அஞ்சு நிமிஷமா?" எக்கார்ட்டின் கழுத்து சிவந்தது. "அம்மா, நான் அவருக்கு முழு விதியையும் விளக்கியிருக்கேன். விலக்குகளோட சேத்து. அதை அஞ்சு நிமிஷத்துல எவனாலயும் விளக்க முடியாது."

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "சரி சார்" என்றாள். "வீட்டுலயே இருங்க."

போனை வைத்த பிறகுதான் தாம் செய்தது அவருக்கு முழுதாக உறைத்தது. கதவருகே ரோஸ்விதா நின்றிருந்தாள்.

"தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள். பிறகு மெதுவாக, "அப்ப எனக்கு?" என்று கேட்டாள்.

ஒரே ஒரு பொய் போதும். உனக்கும் சேர்த்துத்தான் என்று சொன்னால் அவள் நம்பியிருப்பாள்; விதியை அவள் என்றைக்குப் படித்தாள்? இருவரும் ஒன்றாகக் கூடத்து நாற்காலிகளில் உட்கார்ந்து துக்கம் கொண்டாடியிருக்கலாம். எக்கார்ட்டின் தாடை அசைந்தது. மனிதருக்கு அழுகையே வந்துவிட்டது.

"தொடர்பின் தொடர்பு... விதியில வராது."

"புரியற மாதிரி சொல்லு."

"நீ போகலாம். வேலிகிட்ட நான் விளக்கினப்ப நீ அங்க இல்ல."

"முதலாவதான்னதுமே உள்ள வந்துட்டேன். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அப்படித்தான் வரேன்" என்றாள் ரோஸ்விதா. "இன்னைக்குத்தான் அதுக்குப் பலன்."

அவர் ஆயிரம் பேரை அறுத்திருக்கட்டும். அந்த ஒரு பொய்யைச் சொல்லாததற்காக நான் அவரை மன்னித்துவிட்டேன்.

அவள் புறப்பட்ட காலையில் எக்கார்ட் மாடி ஜன்னலிலிருந்து, கோப்பிலுள்ள தாள்களை எந்த வரிசையில் நீட்ட வேண்டும் என்று தெரு முழுக்கக் கேட்கச் சொன்னார். டாக்ஸிக் கதவு 'இரண்டாவதா'வுக்கு முன்பே சாத்திக்கொண்டது.

மறுநாள் தீவிலிருந்து போன் வந்தது.

"பச்சைத் தடுப்பை முதல்ல கேட்டாங்களா, நீலத்தையா?"

"எதையும் கேக்கல எக்கார்ட். ஒரு பொண்ணு நெத்தியில காய்ச்சல் பாத்துச்சு. தனியாவா வந்தீங்கன்னுச்சு. ஆமான்னேன்."

"கோப்பு?"

"மெத்தைக்கடியில வெச்சிருக்கேன். தலைமாடு தாழ்வா இருந்துச்சு."

"இப்ப எங்க நிக்கற?"

"தண்ணியில. முழங்கால் வரைக்கும்."

ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் எக்கார்ட் அப்போது, எனக்குத் தெரிந்து வாழ்க்கையில் முதன்முறையாக, தமக்கு விடை தெரியாத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"வெதுவெதுப்பா இருக்கா, ரோஸ்விதா?"

"இருக்கு" என்றாள் அவள். அதற்கு மேல் பேசவில்லை. பேசாமல் நிற்கத்தானே போயிருந்தாள்.

போகட்டும், வாசகரே, இதில் உங்களுக்கு என்ன? ஒன்றுமில்லை. ஆனால் நடுவில் அந்தக் கால் மணி நேரம் வந்ததே, அங்கே 'அது அப்படியில்லையே, திறந்தவெளிக்கு விதி வேறாயிற்றே' என்று உங்கள் உதட்டில் வந்ததா? அதைச் சொல்லப் பக்கத்தில் இருந்தவர் பக்கம் திரும்பினீர்களா? முதலாவதாக என்று தொடங்கியும் விட்டீர்களா? அப்படியானால் ஒரு நிமிடம் நிறுத்தி, அவர் இன்னும் அங்கே இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் தேட வேண்டாம். முழங்கால் அளவுத் தண்ணீரில், பேசாமல், எங்கேயோ நன்றாகத்தான் இருப்பார்.