சுருக்கி எழுதியவன் போட்ட பெட்டிசம்

எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று சொல்லித்தான் அந்த வேலையில் சேர்ந்தேன். அது பொய்யல்ல. எவ்வளவு தெரியும் என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒன்பதாம் ஆண்டோடு படிப்பை விட்டவன் நான். அப்பா இறந்த பிறகு தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு சம்பளம் மூன்று பேருக்குப் போதவில்லை. ஒரு வாய் குறையட்டும் என்று பஸ் ஏறினேன். கொழும்பில் துணிக்கடை, தம்புள்ளையில் மரக்கறி மூட்டை, வவுனியாவில் கொங்கிரீட் வேலை, நுவரெலியாவில் சுற்றுலாக்காரர் ஏறிய குதிரையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் வேலை (குதிரைக்கு மட்டும் நேரத்துக்குச் சாப்பாடு வரும்). இப்படிப் பத்து வேலைகளை விட்டு ஓடியிருக்கிறேன். போன இடமெல்லாம் கூட வேலை செய்தவர்கள் கைத்தொலைபேசியில் அனுப்பிய செய்திகள்தான் எனக்கு இங்கிலீஷ் பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடத்தில் முழுச்சொல் என்று ஒன்று கிடையாது.

அதுதான் உயர்ந்த இங்கிலீஷ் என்று நான் நம்பியதற்கும் காரணம் இருந்தது. தோட்டத்தில் சம்பள நாளில் நாங்கள் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்து வைப்போம். கணக்கப்பிள்ளை பாதிப் பெயர் எழுதுவார். துரை ஒரு வளைவு போடுவார், புழு நெளிந்த மாதிரி. ஆகவே படிப்பு ஏற ஏற எழுத்து குறையும் என்று சின்ன வயதிலேயே கண்டுபிடித்துவிட்டேன். அந்தக் கணக்கில் நான் துரையையும் தாண்டிப் போயிருந்தேன்.

பதினோராவது வேலை, கடுகண்ணாவையில் மலைப்பாதைக்கு மேலே ஆறு அறைகள் கொண்ட விருந்தினர் விடுதி. முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்பார்கள். அறை துடைப்பது, தேநீர் போடுவது, இணையத்தில் யாராவது அறை கேட்டால் பதில் எழுதுவது, மூன்றும் என் பொறுப்பு. எனக்கென்று ஓர் அறையும் தந்தார். அதற்குப் பூட்டுப் போட்ட கதவு. இருபத்தேழு வயது வரை எனக்குப் பூட்டுப் போட்ட கதவு இருந்ததில்லை. இந்த வேலையை விட்டு ஓடுவதில்லை என்று சாவியை வாங்கிய அன்றே முடிவு செய்தேன்.

மூன்றாவது வாரம் இங்கிலாந்திலிருந்து மார்கரெட் என்ற அம்மையார் எழுதினார். பறவை பார்க்கும் கூட்டம், பதினொரு பேர், நான்கு நாளைக்கு ஆறு அறைகளும் வேண்டும். சுடுநீர் உண்டா, பக்கத்தில் காடு உண்டா, ஒருவருக்கு முழங்கால் வலி, கீழ்மாடி அறை கிடைக்குமா என்று ஒரு பக்கத்துக்கு மரியாதையாகக் கேட்டிருந்தார். நான் அரை நிமிடத்தில் பதில் போட்டேன்:

"hi mam. rms avlbl. hot wtr k. jngl nr. knee no prob. c u"

எனக்கு அவ்வளவு பெருமை. அவ்வளவு பெரிய கடிதத்துக்கு ஒரே வரி!

அவர் மறுபடியும் எழுதினார், நான் மறுபடியும் சுருக்கினேன். மூன்றாவது கடிதத்தை அவர் என் பதில்களையும் சேர்த்து நேரே ஹாஜியாருக்கே அனுப்பினார். ஹாஜியார் அதை வாசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். (அவருக்கு இங்கிலீஷ் வாசிக்க வரும், எழுத வராது.)

"குமார், எனத்தயன் இது? நீங்க எழுதினது இங்கிலீசா, டொக்டர்ட மருந்துத் துண்டா?"

"இங்கிலீஷ்தாங்க முதலாளி. இப்ப எல்லாரும் இப்பிடித்தான் எழுதுறாங்க."

"எல்லாரும் எழுதுவாங்க. அந்த நோனா எனத்த சொல்லியீக்கிறா தெரியுமா? போனை கொழந்தைட கையில குடுக்க வாணாமாம். பெரிய ஆள் ஒருத்தர் எழுதட்டுமாம். நாளைக்கு அந்திக்குள்ள ஒழுங்கான பதில் வராட்டி வேற எடம் பார்ப்பாங்களாம்."

ஹாஜியார் தொலைபேசியை மேசையில் வைத்தார்.

"ஆறு மாசமா ரூமெல்லாம் காலியா ஈக்கி. இந்தக் கூட்டமும் வராட்டி நான் மூடத்தான் ஈக்கி. பொறகு நீங்களும் இல்ல, நானும் இல்ல. விளங்கினதா?"

விளங்கியது. பத்து வேலைகளிலிருந்து நான்தான் ஓடினேன். இது ஒன்று என்னை விட்டு ஓடப் பார்த்தது. விடக்கூடாது.

முழுச்சொல்லில் இங்கிலீஷ் எழுத எனக்குத் தெரிந்த ஒரே ஆள் கண்டி நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் இருந்தார். குடைக்குக் கீழே தட்டச்சு வைத்துக்கொண்டு பெட்டிசம், அதாவது மேலிடங்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவர். யாழ்ப்பாணத்து மனிதர். எங்கள் தோட்டத்து ஆட்கள் எந்தக் கஷ்டம் என்றாலும் அவரிடம்தான் போவார்கள். மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் போய் அவர் முன்னால் நின்றேன்.

"என்ன தம்பி, காணியோ, இடமாற்றமோ, மறியலோ?"

"இல்லீங்க ஐயா. ஒரு வெள்ளைக்கார அம்மாவுக்கு லெட்டர். நல்ல இங்கிலீஷ்ல, ஒரு சொல்லக்கூட சுருக்காம எழுதணும்."

"அவ என்ன செய்ய வேணும்?"

"எங்க விடுதிக்கு வரணுங்க. வராட்டி என் வேல போயிடும்."

"ஓம், அப்ப வாழ்வாதாரப் பெட்டிசம். தகப்பன்?"

"இல்லீங்க."

"நல்லது. தாய்?"

"அண்ணன் கூட இருக்காங்க."

"சகோதரியள்?"

"கிடையாதுங்க. அண்ணன் மட்டுந்தான்."

அவர் தட்டச்சிலிருந்து கையை எடுத்தார். "அண்ணன் காணாது தம்பி. வாசிக்கிற ஆளுக்கு மனம் இளகாது. மூண்டு தங்கச்சி போடுறன்."

"எனக்குத் தங்கச்சியே இல்லீங்களே ஐயா!"

"அது பெட்டிசத்தின்ர வழக்கம். 'டியர்' எண்டு தொடங்கிறம், அன்பிலயோ தொடங்கிறம்? நான் நாப்பது வருசமா எழுதுறன், ஒண்டும் திரும்பி வந்ததில்லை."

"பதில் வந்திருக்குங்களா?"

"அது மேலிடத்துக் கந்தோரின்ர வேலை."

அவருடைய தட்டச்சு ஓடிய வேகத்தைப் பார்த்ததும் என் சந்தேகம் போய்விட்டது. மூன்று தாள். சுருக்கிய சொல் ஒன்றுகூட இல்லை. சில சொற்கள் தாளின் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை போயின. கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்து அதை எழுத்து எழுத்தாகத் தொலைபேசியில் அடித்தேன். இரண்டரை மணித்தியாலம். நான்கு பஸ்ஸை விட்டேன். விரல் மரத்துப்போனது. கடைசி முற்றுப்புள்ளி வரை அடித்து அனுப்பினேன்.

மாலைக்குள் பதில் வந்தது: "நாங்கள் நிச்சயம் வருகிறோம். இனிக் கவலைப்படாதீர்கள்."

ஹாஜியார் என் முதுகில் தட்டினார். "மாஷா அல்லாஹ்! எனத்தயன் எழுதினீங்க?"

"ஒழுங்கா எழுதினேன் முதலாளி."

இரண்டு மாதம் கழித்து வேன் வந்து நின்றது. பதினொரு பேரும் இறங்கினார்கள். மார்கரெட் அம்மையார் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பின்னால் நின்ற ஒருவர் கண்ணைத் துடைத்தார். பிறகு வேனிலிருந்து பூப்போட்ட தாளில் சுற்றிய மூன்று பெரிய பொதிகள் இறங்கின.

"உங்கள் தங்கைகளுக்கு. அவர்கள் எங்கே?"

ஹாஜியார் என்னைப் பார்த்தார். "எந்தத் தங்கச்சி?"

ஒரு கணம் சமையலறையில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று மனதுக்குள் எண்ணினேன். இரண்டு பேர். அதில் ஒருவருக்கு வயது அறுபது. வேறு வழியில்லை.

"தங்கை இல்லை, அம்மா. கடிதத்தில் மட்டும்" என்றேன், எனக்கு வந்த இங்கிலீஷில்.

பதினொரு பேரும் அசையவில்லை. இவ்வளவு அமைதியாக நிற்பவர்களிடம் எந்தப் பறவை தப்பும் என்று எனக்கு அப்போதே தோன்றியது. ஹாஜியார் அம்மையாரின் தொலைபேசியைக் கேட்டு வாங்கி, பெட்டிசத்தை முதல்முறையாக வாசித்தார். விதவைத் தாய், கல்யாண வயதைத் தாண்டிய மூன்று குமர்கள், ஒழுகும் கூரை, கடைசியில் அம்மையாரின் பாதங்களில் என் கண்ணீர். முதல் பத்தியிலேயே அவர் முகம் மாறிவிட்டது.

"முதலில் வந்த குறுஞ்செய்திகளை எழுதியது யார்?" என்று கேட்டார் அம்மையார்.

"நான். ஆனால் அது துரைமார் எழுதுவது போல."

"இந்தக் கடிதம்?"

"கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஐயா."

அவர் தொலைபேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "அப்படியானால் நீங்கள் இன்னும் எனக்கு ஒன்றுமே எழுதவில்லை" என்றார்.

அறைந்திருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

மறுநாள் விடியற்காலையில் அவர்கள் காட்டுக்குப் போன பிறகு, யாரிடமும் கேட்காமல், ஒரு சொல்லையும் விழுங்காமல், நானே அம்மையாருக்கு ஐந்து வரி எழுதி அனுப்பினேன். என் பெயர் குமார். எனக்குத் தங்கைகள் இல்லை. பொய்க்கு மன்னிக்கவும். எனக்கு இந்த வேலை வேண்டும். சுடுநீர் ஆறு மணிக்கு வரும். அந்த ஐந்து வரிக்கு முழுக் காலையும் போனது. பிழை எத்தனை என்று தெரியாது. அம்மையார் திரும்பி வந்து, அதை ஹாஜியாரிடம் காட்டினார்.

ஹாஜியார் என்னை அனுப்பவில்லை. போனைப் பறித்து மூன்று மாதம் சமையலறையில் போட்டார். திருப்பித் தந்தபோது ஒரு நிபந்தனை: "எதுவா இருந்தாலும் அனுப்ப முந்தி எனக்கு வாசிச்சுக் காட்டணும். தங்கச்சி இல்லாம."

இது நடந்து எட்டு வருடம். இன்னும் அதே விடுதியில்தான் இருக்கிறேன்; எழுதும் சொல்லை முழுதாக எழுதுகிறேன். ஆனால் வேன் ஓட்டி வந்தவர், தங்கைகள் பொய் என்ற பாதியை விட்டுவிட்டு, கம்பளை வரை கதையைக் கொண்டுபோய்விட்டார். அங்கே எனக்குப் பெண் கேட்டுப் போனபோது பெண்ணின் மாமா, "மூணு கொமரு இருக்கிற வீட்டுல எப்பிடிங்க பொண்ணு குடுக்கிறது?" என்று மறுத்துவிட்டார். பிறகு தெல்தோட்டைக்கு ஆள் வந்து, வீட்டுக்குள் தலைகளை எண்ணிப் பார்த்துத்தான் சம்மதித்தார்கள். அம்மையார் விட்டுப்போன மூன்று பொதிகளும் கல்யாணத்துக்கு என் மனைவிக்கே போயின.

இப்போது வீட்டில் பாத்திரம் குவிந்தால் அவள், "எங்க ஒங்க தங்கச்சிங்க மூணு பேரும்? கூப்பிடுங்க, கழுவட்டும்" என்பாள். போன தீபாவளிக்கு எங்கள் ஐந்து வயது மகள் என்னிடம் வந்து கேட்டாள்: "அப்பா, அத்தைங்க மூணு பேரும் ஏன் நம்ம வீட்டுக்கு வர்றதே இல்ல?"

நான் உண்மையைச் சொல்ல வாயெடுப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"அவங்களுக்கு இன்னும் மாப்பிள்ள அமையல பாப்பா. அப்பா இன்னொரு லெட்டர் போட்டா எல்லாம் சரியாயிடும்."