தொங்கலண்ணன் வீட்டுக் கயிறுகள்

எங்கள் மட்டாஞ்சேரிச் சந்தில் தரையை நம்பாத ஒரே மனிதர் தொங்கலண்ணன். அடுப்பு, அரிசிப் பானை, பாய், கோழிக்கூடு எல்லாமே அவர் வீட்டு உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கும். மிளகுக் கிடங்கில் கப்பி போட்டு மூட்டை ஏற்றிய கை அல்லவா! உள்ளே குனிந்தே நடக்க வேண்டும். ஒருமுறை கோழி என் கொண்டையில் கால் வைத்தது.

எல்லாம் கடல் ஏறும் நாளில் பொங்கி வரும் காயல் தண்ணீருக்காக. மழை இருக்காது, காற்று இருக்காது. நல்ல வெயிலில் தரை விரிசல் வழியே சத்தமில்லாமல் ஊறி வரும். அதற்குச் சற்று முன் அவர் வீட்டுப் பாத்திரங்கள் தானாக ஆடிக் கிணுகிணுக்கும். எனக்கு முதுகு சில்லிடும். அவரோ, "அவ வந்துட்டா" என்று கதவை விரியத் திறப்பார்.

"யாரு அண்ணே?"

"விருந்துக்காரி. தடுத்தா கோவிச்சுக்கிட்டு உள்ளேயே இருந்துருவா, தங்கச்சி."

எர்ணாகுளம் கல்லூரிப் பெண் ஒருத்தி வந்து, மீள்திறன் என்று ஏதோ சொன்னாள். "சேட்டா, வெள்ளம் வடிஞ்சா எத்தனை நாள்ல பழையபடி ஆவீங்க?"

"பழையபடி எதுக்கு மோளே? அப்படி இருந்துதானே நனைஞ்சேன்!"

நான் சிரித்தேன். எனக்கென்ன? என் வாசலில் முழங்கால் உயரத்துக்குச் சிமெண்டுத் திட்டு கட்டியிருந்தேன்.

போன வருஷம் ஒரு காலை. பாத்திரச் சத்தமே கேட்கவில்லை, ஆனால் தண்ணீர் வந்துவிட்டது. திட்டில் முட்டி நின்றது. பெருமையோடு திரும்பினால், கட்டிலடியில் தண்ணீர் ஊறி மெத்தையைத் தொட்டுக்கொண்டிருந்தது. கைகால் விளங்காத என் வீட்டுக்காரர், "முதுகு நனையுதுடி" என்றார். தூக்க எனக்கு வலுவில்லை. ஊரைக் கூப்பிடக் கௌரவம் விடவில்லை.

கூப்பிடாமலே தொங்கலண்ணன் பின்னால் நின்றார். தோளில் கயிற்றுக் குவியல். தண்ணீர் சலம்பிய சத்தம்கூடக் கேட்கவில்லை.

உத்தரத்தின் மேல் கயிற்றைப் போட்டு, கட்டிலின் நாலு மூலையிலும் கட்டி இழுத்தார். கட்டில் மெல்ல மேலே போனது. என்னவர் கல்யாண ஊஞ்சலில் மாப்பிள்ளை போல ஆடிக்கொண்டு, "ஏய், உன் உச்சியெல்லாம் நரைச்சிருச்சே!" என்று சிரித்தார். படுக்கையில் விழுந்தபின் அவர் சிரித்தது அன்றுதான்.

வெளியே வடிந்ததும் அண்ணன் கடப்பாரையால் என் திட்டை உடைத்தார். அடைபட்ட தண்ணீர் ஓடியது.

"இத்தனை கயிறு ஏது அண்ணே?" என்று மட்டும் கேட்டேன்.

"வீட்ல கெடந்துச்சு."

போய்ப் பார்த்தேன். உத்தரம் மொட்டையாக இருந்தது. அடுப்பும் அரிசியும் பாயும் சேற்றில் கிடந்தன. கோழி ஜன்னலில் உட்கார்ந்து என்னையே முறைத்தது.

அவர் பாயை எடுத்துவந்து என் வீட்டு மாடியில் விரித்தேன். காய மூன்று நாள் ஆகும், அதுவரை சோறு இங்கேதான் என்று அண்ணனிடம் கண்டிப்பாகச் சொன்னேன். சாயங்காலமே காய்ந்துவிட்டது. நான் சொல்லவில்லை.