ஐந்து பிளேடும் ஓர் ஈரத்துண்டும்

2007ஆம் ஆண்டு ஆடி மாதம் தாம்பரத்தில் ஒரு புது அவதாரம் இறங்கியது. பெயர் மேக்னோரா ஃபைவ். வெள்ளிக் கைப்பிடி, தலையில் ஐந்து பிளேடு, நெற்றியில் நீலப் பட்டை. ‘முகம் மாறினால் வாழ்க்கை மாறும்’ என்று ஸ்டேஷனைச் சுற்றி ஒரு சுவர் பாக்கியில்லாமல் ஒட்டியிருந்தார்கள்.

ஞாயிறு பதினொரு மணிக்கு முடிச்சூர் சாலைக் கல்யாண மண்டபத்தில் இலவச தரிசனம். நிற்க இடமில்லை. மூன்று இன்டர்வியூவில் தோற்ற மாணவர்கள் காட்டாங்குளத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார்கள். தாங்கள் தோற்றது படிப்பில் அல்ல, கன்னத்தில்தான் என்று சுவரொட்டி அவர்களுக்கு விளக்கியிருந்தது.

முன்வரிசையில் ராஜகோபால். நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்றவர். மகள் நிஷாவுக்கென்று செம்பாக்கத்தில் ஒரே ஒரு மனை மிச்சம். அதையும் கொடுத்து இந்த ரேசருக்கு ஏஜென்சி எடுக்க வந்திருந்தார். ஒப்பந்தம் மடியில், பேனா கையில்.

மேடையில் கம்பெனி ஆள் வினோத்குமார், வெள்ளைக் கோட்டில். தான் டாக்டர் என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. கோட் சொன்னது.

“ஃபர்ஸ்ட் பிளேடு முடியைத் தூக்கும். ரெண்டாவது நிமிர்த்தும். மூணாவது கட் பண்ணும். நாலாவது வேர் வரைக்கும் போகும்.”

“அஞ்சாவது இன்னா பண்ணும்?” என்றது பின்வரிசை.

“கான்ஃபிடன்ஸ் குடுக்கும், சார்.”

கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரமானது.

அடுத்து பூவராகனை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கோவளத்தில் கடலுக்குப் போகிறவர். மனைவி அங்காளம்மாளோடு மீன் கொண்டு மார்க்கெட்டுக்கு வந்தவரை, அவருடைய நான்கு நாள் தாடிக்காகவே கம்பெனி ஆட்கள் அழைத்து வந்திருந்தார்கள். ரேசர் ஒன்று இலவசம் என்று பேச்சு. அங்காளம்மாள் காலிக் கூடையோடு மேடையோரம் நின்றாள்.

இடக்கன்னத்துக்கு இரண்டு ரூபாய் பிளேடு. வினோத்குமார் வெறும் கன்னத்தில் அப்படியே இழுத்தார்.

“தோலு வருது சார்,” என்றார் பூவராகன்.

வலக்கன்னத்துக்கு மேக்னோரா. அதற்கு முன் சுடுதண்ணீரில் நனைத்த துண்டை ஐந்து நிமிடம் போர்த்தினார்கள். போரடிக்காமல் இருக்கப் பாட்டு. பிறகு ஜெல். பிறகுதான் ஐந்து பிளேடு.

“இன்னா சார், வழுக்கினு போவுது.”

அவ்வளவுதான். கூட்டம் வரிசையில் வந்து அந்தக் கன்னத்தைத் தொட்டது. ஒருவர் தொட்ட விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ராஜகோபாலும் தொட்டுப் பார்த்துவிட்டு ஒப்பந்தத்தைப் பிரித்தார்.

“சார், கையெழுத்து போடாத. ஒரு நிமிசம் இரு,” என்றாள் அங்காளம்மாள். “அந்த ரெண்டு ரூபா பிளேடு பக்கம் ஈரத்துண்டு போட்டாங்களா?”

“இல்லையேம்மா,” என்றார் ராஜகோபால்.

“காஞ்ச மீனுல செதிலு எடுத்துக்கீறியா நீ? எந்தக் கத்தி வச்சாலும் வராது. நனைச்சு வையி, மொக்கக் கத்தியே போதும். துண்ட மாத்திப் போடச் சொல்லு.”

வினோத்குமார் சிரித்தார். “மேடம், இது சயின்ஸ். ப்ராசஸை மாத்தக் கூடாது.”

“சிரைக்கிறது பிளேடுதான? துண்டு எந்தப் பக்கம் இருந்தா உனக்கு இன்னா?”

ராஜகோபால் தன் மோவாயைத் தடவினார். அவருக்கும் இரண்டு நாள் தாடி. “மாத்திப் போடுங்க தம்பி. நானே உட்காருறேன்,” என்று மேடையேறினார்.

இடப்பக்கம் சுடுதுண்டு, ஜெல், இரண்டு ரூபாய் பிளேடு. சத்தமில்லாமல் இறங்கியது. வலப்பக்கம் காய்ந்த கன்னம், மேக்னோரா. ஐந்து பிளேடும் ஆளுக்கொரு முடியைப் பிடித்துக்கொண்டு இழுத்தன. ராஜகோபாலின் கண்ணில் நீர், கன்னத்தில் சிவப்பாக ஒரு கோடு.

“இதுல கான்ஃபிடன்ஸ் எது தம்பி?” என்று கேட்டார்.

கார்த்தி என்ற மாணவன் அடுத்து உட்கார்ந்து, இரண்டு பக்கமும் துண்டு கேட்டான். சிரைத்த பிறகு ஐந்து பேர் கண்ணை மூடித் தடவிப் பார்த்தார்கள். எது மழமழப்பு? மூன்று பேர் காட்டியது இரண்டு ரூபாய் பக்கத்தை.

“ஆக்சுவலா பிளேடு ஒரு பார்ட்தான், சார்…” என்று வினோத்குமார் தொடங்கினார். கேட்க ஆளில்லை. ராஜகோபால் பேனாவை மூடினார். செம்பாக்கத்து மனை நிஷாவிடமே தங்கியது.

“எனக்கு ஒண்ணு ஓசில தரேன்னாங்க,” என்றார் பூவராகன், ஒரு பக்கக் கன்னம் எரிய.

“வாங்கிக்கோ. மாத்து பிளேடுக்குத் துட்டு கேட்டுக்கினு மட்டும் வூட்டுப் பக்கம் வராத.”

இத்தனைக்குப் பிறகும் வாசலில் ஏழு பேர் மேக்னோரா வாங்கினார்கள். கேட்டதற்கு, நீலப் பட்டை நன்றாயிருக்கிறதாம்.

ஆறு பிளேடு வரும். ஏழும் வரும். மோவாயை எத்தனை பிளேடால் வேண்டுமானாலும் சிரைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு சாண் மேலே இருக்கும் மூளையை மட்டும் கம்பெனிக்காரர்களிடம் சிரைக்கக் கொடுத்துவிடாதீர்கள். தாடி மறுநாளே முளைக்கும். அது முளைக்காது.