அதிர்ச்சி கூடாது

"காபி கழுநீர் மாதிரி இருக்கு" என்றார் டிரில் மாஸ்டர், வேண்டுமென்றே.

"அப்படியா? வேற போட்டுத் தரேங்க" என்று மனைவி டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள்.

டிரில் மாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து இந்த வசனத்துக்கு, "கழுநீர் குடிச்ச வாய்க்குத்தானே தெரியும்" என்றுதான் பதில் வரும். உடனே இவர் கத்துவார், அவள் பாத்திரத்தை உருட்டுவாள். மைதானத்தில் பிள்ளைகளை ஆட்டிப்படைத்த கையோடு வீட்டுக்கு வந்து, செருப்பு வரிசை கோணல், திரைச்சீலை கோணல் என்று அவளையும் ஆட்டிப்படைப்பது அவர் வழக்கம்.

எல்லாம் அந்த ஊசிக்குப் பிறகு மாறிவிட்டது. "ஊரே போட்டுக்கிச்சு, உங்களுக்கு மட்டும் என்ன?" என்று கொரோனா தடுப்பூசிக்கு அவரை இழுத்துப் போனவள் அவள்தான். இரண்டாவது ஊசி போட்ட மூன்றாம் நாள் நெஞ்சு வலி வந்தது.

"இதயத் தசையில லேசான அழற்சி. இந்த ஊசியால ரொம்ப அபூர்வமா சிலருக்கு வரும். பெரும்பாலும் அடங்கிடும். மூணு மாசம் ஓடக் கூடாது, பளு தூக்கக் கூடாது, டென்ஷனே கூடாது" என்றார் டாக்டர்.

ஜென்மத்தில் ஒரு குலுக்கலில்கூட ஜெயிக்காத மனுஷன், இதில் மட்டும் தேர்வாகியிருந்தார்.

"எல்லாம் உன்னாலதான்" என்று திரும்பி வரும்போது சொன்னார். அன்று தொடங்கியது இந்தச் சிரித்த முகம்.

'நமக்கு நாள் குறிச்சாச்சு. மறைக்கிறா' என்று முடிவு கட்டினார் டிரில் மாஸ்டர். பயத்தில் நெஞ்சு படபடத்தது. அதைப் பார்த்து அவள் இன்னும் கனிந்தாள். அவள் கனியக் கனிய இவருக்கு இன்னும் படபடத்தது.

எதற்கும் இருக்கட்டும் என்று, மச்சான் வந்திருந்தபோது அவன் எதிரிலேயே, "உன் தம்பி ஒரு உதவாக்கரை" என்றார்.

"ஆமாங்க" என்றாள் மனைவி.

"ஆமா மாமா" என்றான் மச்சானும்.

டிரில் மாஸ்டருக்கு வியர்த்துவிட்டது. அவனைத் தனியே மடக்கினார்.

"டேய், உண்மையைச் சொல்லு. நான் பிழைப்பேனா?"

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல மாமா. சீக்கிரம் நல்லாயிடுங்க, போதும்" என்றவன், கண் கலங்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அதுவரை அவர் பைக்கைத் தவிர வேறெதையும் ஆசையாகத் தொட்டவனில்லை.

இனி சந்தேகமே இல்லை. தலைமை ஆசிரியருக்குப் போன் போட்டார். "இரங்கல் கூட்டத்துல பிள்ளைங்கள ரொம்ப நேரம் வெயில்ல நிக்க வைக்காதீங்க சார்."

தலைமை ஆசிரியர் பதறிப்போய், ஆசிரியர் அத்தனை பேரையும் திரட்டிக்கொண்டு பழப் பைகளோடு வந்து இறங்கினார். யாரும் உட்காரவில்லை. எல்லோரும் அவரைச் சுற்றி நின்று பார்த்தார்கள். கடைசியாகப் பார்க்கிற பார்வைதான் அது என்று டிரில் மாஸ்டருக்குப் பட்டது.

அவர்கள் போன பிறகு, பழங்களைக் கழுவிக்கொண்டிருந்த மனைவியின் முதுகையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இவளை என்ன பாடு படுத்திவிட்டோம் என்று முதல் முறையாகத் தோன்றியது. வெட்கமாக இருந்தது. பிழைத்தால் இவளிடம் குரலை உயர்த்துவதில்லை என்று சத்தியம் செய்துகொண்டார்.

மூன்று மாதக் கெடு முடிந்து பரிசோதனைக்குப் போனார்கள்.

"சுத்தமா சரியாயிடுச்சு. இனி தாராளமா ஓடலாம்" என்றார் டாக்டர்.

மனைவி நாற்காலி நுனிக்கு வந்தாள். "திடீர்னு மனசுக்குக் கஷ்டமா ஏதாவது கேட்டாக்கூட ஒண்ணும் ஆகாதே டாக்டர்?"

"யானையே வந்து மிதிச்சாலும் தாங்குவாரும்மா!"

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். டிரில் மாஸ்டருக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவ்வளவு பாசத்தை மனசுக்குள் பூட்டி வைத்துக்கொண்டா இத்தனை வருஷம் பாத்திரத்தை உருட்டினாள்!

அவளை ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கடைத்தெருவுக்குப் போனார். அவள் வெகுநாளாக ஆசைப்பட்டு, "எதுக்கு தண்டச் செலவு?" என்று இவர் தட்டிக்கழித்த கைப்பை ஒன்று உண்டு. அதை வாங்கி, அழகாகப் பொதிந்து தரச் சொல்லி, நடந்தே வீடு வந்து சேர்ந்தார். மூச்சு கொஞ்சம்கூட வாங்கவில்லை.

வாசலில் ஒரு மினி லாரி நின்றது. மனைவியின் தையல் மெஷினும், அவளுடைய பீரோவும், பெட்டிகளும் அதில் ஏறியிருந்தன. இவருடைய சாமான் ஒன்றுகூட இல்லை.

"யோவ், எங்கய்யா கொண்டு போறீங்க?" என்றார்.

கயிறு கட்டிக்கொண்டிருந்த ஆள் திரும்பி, அவரை மேலும் கீழும் பார்த்து, நிஜமான சந்தோஷத்தோடு சிரித்தான்.

"நீங்கதான் அந்த சாரா? நல்லாயிட்டீங்களா? நீங்க ஊசி போடுறதுக்கு முன்னாடியே வண்டி பேசிட்டாங்க சார் அம்மா. உங்க நெஞ்சு தாங்காதுன்னுதான் இத்தனை நாளா தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தாங்க."