சிவப்புப் புள்ளி என்னுடையது

சித்தூர்,
வெள்ளிக்கிழமை, முற்பகல்.

மதிப்பிற்குரிய சகலை திரு. வேதாச்சலம் அவர்களுக்கு,

இங்கு நானும் பத்மினியும் ஆறு மாத மாத்திரைக்குப் பிறகு இருமலை அடியோடு மறந்துவிட்ட என் நுரையீரலும் நலம். நகரியில் தங்கள் நுரையீரலும், தங்கள் துணைவியார் பிரேமலதாவும், எட்டு விசைத்தறிகளும் நலமாக இயங்குவதாக நம்புகிறேன்.

நான் பேசாமல் இருந்த காலம் போதும். நாற்பத்தொரு நாளாக வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். திருப்பதி ஆராய்ச்சிக்கூடக் கூட்டத்தில் தங்கள் தோளில் விழுந்த சால்வை என் தோளில் விழுந்திருக்க வேண்டியது. அந்தச் சிவப்புப் புள்ளி என்னுடையது. போனில் சொன்னால் பத்மினி பக்கத்தில் நின்று கேட்பாள். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் தாங்கள் அதைத் தறிக்கொட்டகை முழுக்கக் கேட்கும்படி வைப்பீர்கள். ஆகவே கடிதம்.

எட்டு மாதத்துக்கு முன், மூன்று வாரம் இருமிய என்னைப் பத்மினியும், நான்கு வாரம் இருமிய தங்களைத் தங்கள் மனைவியும் ஒரே நாளில் திருப்பதிக்கு இழுத்துச் சென்றது நினைவிருக்கும். அக்கா தங்கை இருவருக்கும் எதிலும் பின்வாங்கிப் பழக்கமில்லை. டெக்னீஷியன் கன்னையா ஆளுக்கொரு டப்பா கொடுத்து, சளியைத் துப்பி மூடிக் கொண்டுவரச் சொன்னார். பெயர்ச்சீட்டை டப்பாவின் வயிற்றில் ஒட்டியிருந்தார். நான் எம்.எஸ்ஸி. வேதியியல். மாம்பழக்கூழ் ஆலையின் சோதனைக்கூடத்தில் பத்தொன்பது வருடமாக, பதவி உயர்வு என்ற ஒன்றைக் கண்ணால் காணாமல், வேலை பார்க்கிறவன். வயிற்றில் ஒட்டினால் கூழ் வழிந்து சீட்டு உரிந்துவிடும், ஆகவே எங்கள் ஆலையில் மூடியில்தான் ஒட்டுவோம். அறியாத மனிதர்களுக்கு நல்லது செய்வோமே என்று இரண்டு சீட்டையும் நானே உரித்து மூடிகளில் ஒட்டினேன். "சகலை, அந்த ஆளு ஒட்னதே இருக்கட்டுமே, நமக்கு இன்னாத்துக்கு" என்று தாங்கள் சொன்னீர்கள். பத்தாவது தவறியவர் சோதனைக்கூடத்தைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன். பிறகு இரண்டு மூடியையும் கழற்றி மதில்மேல் வைத்துவிட்டு ஆளுக்கொரு மூலைக்குப் போய் இருமினோம். திரும்பி வந்து கைக்குக் கிடைத்த மூடியைப் போட்டு மூடினோம். இருவருக்குமே காசநோய், இருவருக்கும் ஒரே மாத்திரை, இருவரும் பிழைத்தோம். எனவே எவருக்கும் எதுவும் தெரியவில்லை, கூட்டம் நடக்கும் வரை.

அந்தக் கூட்டத்தில் டாக்டர் ரோஹிணி சொன்னதை நான் குறிப்பெடுத்திருக்கிறேன்; தாங்கள் அப்போது போண்டா தின்றுகொண்டிருந்தீர்கள். காசநோய்க் கிருமிக்கு நாம் வைத்திருப்பது ஒரே பெயர்தான் என்றாலும் அது ஒரே குடும்பம் இல்லை. இந்த ஒரு நாட்டுக்குள்ளேயே பல வம்சங்கள். நம் தெற்கில் பெரும்பாலும் ஒரு பழைய வம்சம், வடக்கில் வேறொன்று, வடகிழக்குப் பக்கம் இன்னொன்று அதிகம். மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்தால் எந்தக் கிருமி எந்த வம்சம் என்று தெரிந்துவிடும். திரையில் வரைபடம் போட்டார். சித்தூர், புத்தூர், கார்வேட்டிநகரம், எங்கும் பச்சைப் புள்ளிகள். நகரியில் மட்டும் ஒரு சிவப்பு. அம்மையார் பெயர் சொல்லவில்லை. அவரவர் புள்ளி என்ன நிறம் என்று எழுதிய சீட்டை மடித்து ஆளுக்கொன்றாகக் கையில் கொடுத்தார்கள். தாங்கள்தான் பிரித்துப் பார்த்துவிட்டு எழுந்து நின்று, "மேடம், அந்தச் செவப்பு நம்முளுதுதான்" என்று கையைத் தூக்கினீர்கள்.

"வடகிழக்கு பக்கம் எப்பவாச்சும் போனீங்களா? ரொம்ப நேரம் ஒரே ரூம்ல, ஒரே பெட்டில, அந்தப் பக்கத்து ஆளுங்களோட?" என்று அவர் கேட்டார்.

"நமக்கு அரக்கோணம்தான் மேடம் எல்ல. அதுவும் நம்ம ஊரு டேசன் ஏகாம்பரகுப்பத்துல எறங்காம தூங்கிக்கினு போய்ட்டதுதான்."

சபை சிரித்தது. ஊரைத் தாண்டாத மனிதருக்கு இந்தக் கிருமி எப்படி வந்தது என்று அம்மையாருக்குத் தூக்கம் போயிற்று. வீட்டிலும் கொட்டகையிலும் இருபத்தொரு பேரைத் தாங்கள் முன்பே பரிசோதனைக்கு அனுப்பிய ஒத்துழைப்புக்காக, வராமற்போன சிறப்பு விருந்தினரின் சால்வையைத் தங்களுக்குப் போர்த்தினார்கள். "எங்க வூட்டுக்காரருக்கு வந்தது எல்லாருக்கும் வர்ற டிபி இல்லடி" என்று பிரேமலதா தங்கையிடம் சொன்னது எனக்குக் கேட்டது. எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னார். சித்தூர் பஸ்ஸில் காட்பாடிக்காரர்கள் நான்கு பேர் கேட்க, பத்மினி என்னிடம் சொன்னாள்: "எம்.எஸ்ஸி படிச்சிக்கினு இன்னா பிரயோஜனம். கிருமி கூட உனக்கு ஊரோட ஒண்ணாத்தான் வந்துகிது. எங்க மாமாவுக்குப் பாரு, ஒண்ணே ஒண்ணு."

அன்றே சொல்லியிருப்பேன். சொன்னால், வடகிழக்குக்கு எப்போது போனாய் என்பார்கள். போனேன். இரண்டு வருடத்துக்கு முன், மைசூரில் பயிற்சி என்று சொல்லிவிட்டு, குவாஹாத்தி போனேன். 'தேசிய பழக்கூழ் ரத்னா' என்ற விருதுக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருப்பதாக ஒரு கடிதம் வந்திருந்தது. அதைப் படித்த பத்மினி, "இது மோசடி. போனா நீ முட்டாளுன்னு நானே ஊருக்கெல்லாம் சொல்லிடுவேன்" என்றாள். ரயிலில் இரண்டு இரவுக்கு மேல், ஜன்னல் எல்லாம் மூடிய பெட்டியில், எதிர்ப்படுக்கைக்காரர் இருமிக்கொண்டே வந்தார். விழா ஒரு கல்யாண மண்டபத்து மாடி. தொண்ணூற்று நான்கு பேருக்கு விருது. எனக்கு முன்னால் நின்றவர் கிளி ஜோசியர், பின்னால் நின்றவர் பல் வைத்தியர். என் பெயரை 'ரத்னம்மா' என்று வாசித்தார்கள். சால்வை போர்த்தி, போட்டோ எடுத்து, அடுத்தவருக்கு வேண்டும் என்று அந்தச் சால்வையை என் தோளிலிருந்து உருவிக்கொண்டார்கள். இதைப் பத்மினி அறிந்தால் அவள் சொன்னது சரி என்று ஆகிவிடும். இருபத்தாறு வருடமாக அப்படி ஒன்று நடக்காமல் பார்த்துக்கொண்டு வருகிறேன்.

இப்போது நான் வாய் திறக்கக் காரணம் உண்டு. வரும் இருபதாம் தேதி டாக்டர் ரோஹிணி டெல்லிக் கருத்தரங்கில் இந்தப் புள்ளியைப் பற்றிப் பேசுகிறார். நோயாளியின் பெயர் வராது, ஊர் மட்டும் வரும். பெயரில்லாத அந்த நோயாளியாகத் தாங்கள் அறிவியல் வரலாற்றில் நுழைவதை என்னால் சகிக்க முடியவில்லை. அது 'சித்தூர் நோயாளி' என்று இருக்க வேண்டியது. அதற்கு மேல், திங்கட்கிழமை கன்னையா வேனோடு நகரிக்கு வந்து தெரு முழுவதையும் துப்பவைக்கப் போகிறார் என்று கேள்வி. என் கிருமிக்காகத் தங்கள் தறிகள் இரண்டு நாள் நிற்கும்.

ஆகையால் தாங்கள் உடனே திருப்பதிக்கு பஸ் ஏறி, மூடி மாறிவிட்டது என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். மூடியைக் கழற்றி மாற்றி வைத்தது தாங்கள்தான் என்று சொன்னால் எடுப்பாக இருக்கும். எனக்கு எப்படி வந்தது என்று கேட்டால், திருமலைக்கு நாடு முழுவதும் வருகிறதே, தரிசன க்யூவில் பதினாறு மணி நேரம் அடைபட்டுக் கிடந்தபோது யாரோ தந்திருப்பார்கள் என்று சொல்லிவிடுங்கள். நான் மலையேறிப் பதினோரு வருடமாகிறது, லட்டு விஷயத்தில் எனக்கொரு மனத்தாங்கல் உண்டு. அது டாக்டருக்குத் தெரியாது. குவாஹாத்தி என்ற சொல் மட்டும் தங்கள் வாயிலிருந்து, முக்கியமாகப் பத்மினி இருக்கும் இடத்தில், வரக்கூடாது. சால்வையைத் துவைக்காமல் அனுப்பவும். தாங்கள் துவைத்தால் சாயம் போகும்.

தங்களுக்கும் பிரேமலதாவுக்கும் நீண்ட ஆயுளும், அறுந்துபோகாத நூலும், எல்லாருக்கும் வருகிற சாதாரண ஜலதோஷம் மட்டுமே வருகிற உடம்பும் அமைய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,

பின்குறிப்பு: கையெழுத்துப் போடப் பேனாவை வைத்தபோதுதான் உறைத்தது. தாங்கள் படித்தது தெலுங்கு மீடியம். தமிழ் பேசுவீர்கள், படிக்க மாட்டீர்கள். பிரேமலதாவும் அப்படியே. தமிழில் கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட, பாட்டி வீட்டில் தங்கி, பரதராமி பள்ளிக்கூடத்தில் ஐந்து வருடம் தமிழ் படித்த பத்மினியிடம் கொண்டுவந்து கொடுப்பீர்கள். அவள் கூடத்தில் எல்லாரையும் உட்காரவைத்து, ஏற்ற இறக்கத்தோடு, உறைமேல் இருக்கும் முகவரியிலிருந்து தொடங்கிப் படிப்பாள். எனக்கோ தெலுங்கில் பஸ் பலகைக்கு மேல் எழுத வராது. எழுதச்சொல்லி இன்னொருவரிடம் போனால் அவர் ஊருக்குச் சொல்வார். கிழித்துவிடலாம் என்றால், டெல்லியில் நகரி என்று சொல்லிவிடுவார்கள். நெடுநேரம் யோசித்தேன். வழி ஒன்றுதான் இருக்கிறது. இதை எழுதியது யாரென்று பத்மினிக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதானே. கையெழுத்து இல்லாமலே தபாலில் போட்டுவிடுகிறேன்.